மரை அழிக்கப்பட்ட குழல்: இந்தியாவில் மலிவு ரைபிளும் தொலைதூரக் குறிச்சுடுதலும்

‘ரைபிள்’ என்னும் ஆங்கிலப் பெயர், ஓர் ஆயுதத்தைக் குறிக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு வினையைக் குறித்தது. கீறுதல், வரியிடுதல் என்பன அதன் பழம்பொருள்கள். குழலின் உட்புறத்தில் திருகுமரை போலச் சுழன்றோடும் வரிகளை வெட்டினால், அவற்றைப் பற்றிக்கொண்டு வெளியேறும் குண்டு பம்பரமாகச் சுழலும். சுழல்வதால் நிலைதடுமாறாது, நிலைதடுமாறாததால் நெடுந்தொலைவு சென்றும் குறி தப்பாது. ஆங்கிலப் பெயர் அந்த வரிகளிலிருந்தே பிறந்தது. தமிழின் ‘துப்பாக்கி’ இந்த வேறுபாட்டை அறியாது. துருக்கிய, பாரசீக வழியில் வந்த ‘துபக்’ என்ற சொல்லிலிருந்து தெலுங்கும் கன்னடமும் ‘துப்பாக்கி’யை ஒத்த வடிவங்களை ஆக்கிக்கொண்டன, மலையாளம் ‘தோக்கு’ என்றது. வரியிட்ட குழலும் வழவழப்பான குழலும் இம்மொழிகளில் ஒரே பெயரால் வழங்கின. பேச்சுவழக்கில் இதனால் இழப்பு ஏதுமில்லை. ஆனால் 1857க்குப் பிந்தைய இந்திய வரலாற்றில் அந்த வரிகள் இருந்தனவா இல்லையா என்பதே ஒரு பேரரசின் கொள்கையாக இருந்தது.

என்பீல்டு 1853 மாதிரித் துப்பாக்கி இந்தியப் பாடநூல்களில் கொழுப்புத் தடவிய தோட்டாவுக்காக மட்டுமே நினைக்கப்படுகிறது. அந்தத் தோட்டா எந்தத் தொழில்நுட்பத்தின் பகுதி என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. 0.577 அங்குலத் துளையும் உட்புற வரிகளும் கொண்ட அந்தத் துப்பாக்கியின் பின்புறக் குறிநோக்கி 900 கெஜம் வரை அளவிடப்பட்டிருந்தது. அதற்கு முன்பிருந்த வழவழப்புக் குழல் துப்பாக்கியைக் கொண்டு 100 கெஜத்துக்கு அப்பால் ஒரு தனிமனிதனைக் குறிவைப்பது ஏறத்தாழ வீண்வேலை. அதாவது, சாதாரணக் காலாட்படை வீரனின் கைக்குத் தொலைதூரக் குறி முதன்முறையாக எட்டிய காலம் அது. கிளர்ச்சி அடக்கப்பட்டபின், இந்தியச் சிப்பாய்களுக்கென 1858 மாதிரி என்ற ஒரு தனி வடிவம் ஆக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அதே என்பீல்டு. குழலின் உட்புறம் மட்டும் ஏறத்தாழ 0.65 அங்குலத்துக்குக் குடைந்து அகலப்படுத்தப்பட்டு, வரிகள் முற்றாக நீக்கப்பட்டிருந்தன. தொலைவுக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தும் குறிநோக்கியும் அகற்றப்பட்டு, அசையாத எளிய குறிநோக்கி ஒன்று பொருத்தப்பட்டது.

துப்பாக்கியைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் கலையின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாகத் துல்லியத்தைக் கூட்டும் முயற்சிகளையே பட்டியலிடுவார்கள். இந்தியாவிலோ அவ்வரலாறு துல்லியத்தைக் கழிப்பதிலிருந்து தொடங்குகிறது. அக்கழித்தலும் தேர்ந்த கைத்தொழிலாளர்களால், அளவுகோல்களுடன், ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது.

இதற்கு நிர்வாகக் காரணம் கற்பிக்க இடமுண்டு. வெப்பத்திலும் கரிப்புகையிலும் அடைத்துக்கொண்ட வரிக்குழலில் குண்டைத் திணிப்பது கடினமாயிருந்தது என்பது உண்மை. 1857இல் பிரிட்டிஷ் வீரர்களே அந்தத் தொல்லைக்கு ஆளானார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த தீர்வு வேறு. குண்டின் விட்டம் 0.568 அங்குலத்திலிருந்து 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. வரிகள் அப்படியே இருந்தன. ஒரே குறைபாட்டுக்கு ஒரு படைக்குச் சிறிய குண்டும் இன்னொரு படைக்கு வரியற்ற குழலும் வழங்கப்பட்டிருக்கையில், பொறியியல் விளக்கம் போதாமல் போகிறது.

கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் இந்த வரலாற்றில் இருமுறை வருகிறது. என்பீல்டுப் பயிற்சி இந்தியாவில் தொடங்கப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. தோட்டாவின் கொழுப்பைப் பற்றிய பேச்சு 1857 சனவரியில் அங்குதான் முதலில் பரவியது. நாற்பது ஆண்டுகளுக்குப்பின் அதே ஊரின் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே, நுனியில் ஈயம் வெளித்தெரியும் .303 குண்டை ஆக்கினார். உடலில் பாய்ந்ததும் விரிந்து சிதைக்கும் அவ்வகைக் குண்டுகளை 1899 ஹேக் மாநாடு தடைசெய்தது. ஓர் ஊர்ப்பெயர் உலகமொழிகளில் குண்டின் பொதுப்பெயராகத் தங்கிவிட்டது. ‘ஸ்னைப்பர்’ என்ற சொல்லும் இந்தியாவில் பிறந்ததே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள், சதுப்புநிலங்களில் கோணல்மாணலாகப் பறந்து தப்பும் உள்ளான் இனப் பறவையான ‘ஸ்னைப்’பைச் சுடும் வேட்டைக்கு இட்ட பெயர் அது. துல்லியத்தின் சொற்களஞ்சியத்துக்கு இவ்வளவு கொடுத்த நாட்டுக்குத் துல்லியம் திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் தொலைதூரக் குறிச்சுடுதல் தேசிய விளையாட்டாக உருவெடுத்துக்கொண்டிருந்தது. 1859இல் அமைந்த தேசிய ரைபிள் சங்கம், 1860 சூலை 2 அன்று விம்பிள்டன் மைதானத்தில் தன் முதற்போட்டியை நடத்தியது. தாங்கியில் அசையாமல் பொருத்தப்பட்ட விட்வொர்த் ரைபிளின் குதிரையில் கட்டிய பட்டுக் கயிற்றை இழுத்து, 400 கெஜத் தொலைவிலிருந்த இலக்கின் நடுப்பகுதியைத் தொட்டு, விக்டோரியா அரசி போட்டியைத் தொடங்கிவைத்தார். (துப்பாக்கியின் விசையைத் தமிழும் இந்தியும் ஒருங்கே ‘குதிரை’ என்றழைப்பது தனியே ஆராயத்தக்கது.) 1890இல் போட்டி பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தது, இன்றும் அங்கேயே நடக்கிறது.

பிஸ்லியில் ஆண்டுதோறும் 300, 500, 600 கெஜத் தொலைவுகளில் அணிகள் போட்டியிடும் கோப்பை ஒன்றின் பெயர் கோலாப்பூர்க் கோப்பை. மராட்டிய நாட்டுக் கோலாப்பூர் அரசரின் கொடையாக, 1871 முதல் அது வழங்கப்பட்டுவருகிறது. இங்கிலாந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1870 நவம்பரில், இளம் அரசர் ராஜாராம் புளோரன்சில் இறந்தார். ஆர்னோ ஆற்றங்கரையில் அவரது நினைவுமண்டபம் நிற்கிறது. அருகிலுள்ள பாலத்தையும் அவ்வூரார் ‘இந்தியர் பாலம்’ என்றே அழைக்கின்றனர். கோப்பை நிறுவப்பட்ட அந்த ஆண்டுகளில் இந்தியச் சிப்பாயின் கையில் என்ன இருந்தது? பின்புறம் குண்டேற்றும் சினைடர் ரைபிள் பிரிட்டிஷ் வீரர்களிடம் 1860களிலேயே வந்துவிட்டது. அவர்கள் 1870களில் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறத் தொடங்கியபிறகே சினைடர்கள் இந்தியப் படைப்பிரிவுகளுக்கு இறங்கின. பிரிட்டிஷ் வீரர்கள் லீ-மெட்போர்டுக்கு மாறியபின் மார்ட்டினி இறங்கிற்று. ஒரு தலைமுறை பின்தங்கியிருக்கவேண்டும் என்பது எழுதப்பட்ட விதியைப் போலவே கடைப்பிடிக்கப்பட்டது. 1914 இலையுதிர்காலத்தில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படைகள் தாம் பழகிய ரைபிள்களை ஒப்படைத்துவிட்டுப் புதியவகை ரைபிள்களைப் பெற்றுக்கொண்டன. கைக்குப் பழகாத அக்கருவிகளுடன் சில வாரங்களில் அவர்கள் பிளாண்டர்சு சேற்றில் நின்றார்கள்.

படைக்கு வெளியே நிலைமை இன்னும் இறுக்கமானது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அதன் விதிகள் ஐரோப்பியர்க்கு விலக்களித்தன. 1885இல் தன்னார்வப் படைகளில் சேர இந்தியர் முன்வைத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. காங்கிரசின் மூன்றாம் மாநாடு 1887இல் சென்னையில், பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடியபோது, ஆயுதச் சட்டத்தைத் திருத்தக்கோரும் தீர்மானம் நிறைவேறியது. அத்தீர்மானத்தை மானப் பிரச்சினையாக மட்டும் வாசிக்கும் வழக்கம் உண்டு, அது போதுமானதன்று. துப்பாக்கிக் கழகம், சுடுகளம், தோட்டாக் கடை, பழுதுபார்க்கும் பட்டறை, பயிற்சியளிக்கும் மூத்தோர் ஆகிய அனைத்தும் கூடியே குறிச்சுடுதல் என்ற விளையாட்டுப் பண்பாடு உருவாகிறது. இங்கிலாந்தில் 1860க்கும் 1914க்கும் இடையில் அந்தப் பண்பாடு எழுந்து நின்றது. இந்தியாவில் அதே ஐம்பத்தைந்து ஆண்டுகள் சட்டத்தால் வெறுமையாக்கப்பட்டன. இன அடிப்படையிலான விலக்கு முதலாம் உலகப் போருக்குப் பின்னரே விதிகளிலிருந்து நீங்கியது.

லீ-மெட்போர்டு என்ற பெயரின் பிற்பாதிக்கு உரியவர் வில்லியம் எல்லிஸ் மெட்போர்டு என்னும் பொறியாளர். ரயில்பாதைப் பணிக்காக 1857இல் அவர் வங்காளம் வந்திறங்கியபோது கிளர்ச்சி மூண்டிருந்தது. முங்கேர் நகரின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் அவர் ஈடுபட்டார். உடல்நலம் கெட்டு மறு ஆண்டே நாடு திரும்பினார். முங்கேரோ, 1760களில் மீர் காசிம் தலைநகராக்கித் துப்பாக்கிப் பட்டறைகளை நிறுவிய ஊர். துப்பாக்கிக் கைத்தொழில் அங்கே இன்றுவரை தொடர்கிறது. மெட்போர்டு அப்பட்டறைகளைப் பார்த்தார் என்று கொள்ள எச்சான்றும் தேவையில்லை. இங்கிலாந்து திரும்பி, ஆழமற்ற ஏழு வரிகளைக் கொண்ட குழலை அவர் வடிவமைத்தார். கரிமருந்தின் கசடு தங்காத அவ்வடிவம் தொலைதூரப் போட்டிகளை வென்றது. பின்னர் கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வந்தபோது, அதன் வெப்பம் அந்த ஆழமற்ற வரிகளைத் தேய்த்துத் தின்றுவிட்டது. ஆழமான ஐந்து வரிகளைக் கொண்ட என்பீல்டுக் குழல் 1895இல் அதன் இடத்தைப் பிடித்தது. பெயரும் லீ-என்பீல்டு என்றாயிற்று.

பெயரின் முற்பாதி ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில்செய்தவர். ‘போல்ட் ஆக்‌ஷன்’ எனப்படும் அமைப்பைத் தமிழ் வீடுகளின் தாழ்ப்பாளைக் கொண்டு எளிதில் விளக்கலாம். கம்பியை முன்தள்ளி, கைப்பிடியைக் கீழே திருப்பினால் கதவு பூட்டிக்கொள்கிறது. மேலே திருப்பிப் பின்னிழுத்தால் திறக்கிறது. துப்பாக்கியில் அந்தக் கம்பியே தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது, பூட்டுகிறது, வெடித்தபின் வெற்றுக்கூட்டை வெளியே எறிகிறது. பூட்டும் பற்கள் எங்கே இருக்கின்றன என்பதுதான் கேள்வி. ஜெர்மானிய மவுசர் 98இல் அவை கம்பியின் முன்முனையில், தோட்டாவை ஒட்டியே இருக்கின்றன; வெடிப்பின் விசை உடனே உறுதியான எஃகில் இறங்கிவிடுகிறது. லீயின் அமைப்பில் பற்கள் பின்னே இருக்கின்றன. விசை முழுக்கம்பியின் நீளத்தையும் கடந்து பின்னுக்குச் செல்கையில் கம்பியும் உடற்கூடும் சற்றே அமுங்கி நெளிகின்றன. குழல் அதிர்ந்து வாய் மேலெழுகிறது. நூல்படி, இது துல்லியத்துக்கு உகந்த வடிவமன்று. பிரிட்டிஷ் போர்த்துறையே அப்படித்தான் கருதியது. மவுசர் வழிப்பட்ட புதிய ரைபிளுக்கு மாறும் ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தபோது 1914 போர் குறுக்கிட்டது. ‘மாதிரி 14’ எனும் அந்தப் புதிய ரைபிள் .303க்கு மாற்றப்பட்டு, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 12 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஆனால் முதன்மைப் படைக்கலம் லீ-என்பீல்டாகவே நீடித்தது.

போட்டிக்களத்திலோ லீயின் குறையே நிறையாகத் தென்பட்டது. எந்தத் தோட்டாப் பொதியிலும் எல்லாக் குண்டுகளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. 1000 கெஜத் தொலைவில், மெதுவான குண்டு வேகமான குண்டைவிடக் கணிசமாகத் தாழ்ந்து விழும். லீ-என்பீல்டில் மெதுவான குண்டு குழலைவிட்டு வெளியேறச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது; அதற்குள் குழல்வாய் இன்னும் சிறிது மேலெழுந்திருக்கிறது. எனவே மெதுவான குண்டு சற்று உயர்ந்த கோணத்தில் புறப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு தொலைவில் இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, இருவகைக் குண்டுகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இறங்குகின்றன. அருகிலுள்ள இலக்கில் மவுசரிடம் தோற்ற ரைபிள், 900, 1000 கெஜத்தில் அதனோடு சமமாகவும் சிலபோது மேலாகவும் நின்றதற்கு இதுவே காரணம். அருகில் மோசமாகவும் தொலைவில் நன்றாகவும் சுடும் ரைபிள் என்ற பேச்சைப் போட்டியாளர்களின் மூடநம்பிக்கை என்று கேலிசெய்தோர் உண்டு. இயற்பியல் போட்டியாளர்களின் பக்கமே இருந்தது.

மலிவு என்ற சொல்லுக்கு இந்த ரைபிளின் வாழ்வில் குறிப்பான பொருள் உண்டு. எல்லா வடிவங்களிலும் சேர்த்து லீ-என்பீல்டு ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. ஒவ்வொரு போருக்குப் பின்பும் பிரிட்டிஷ் நாடுகளின் சுடுகழகங்களுக்கு உபரி ரைபிள்கள் மிகக் குறைந்த விலையில் கிடைத்தன. போட்டிக்கென்றே செய்யப்பட்ட ரைபிளை வாங்க முடியாத எழுத்தரும் பள்ளி ஆசிரியரும் அவற்றை வாங்கிச் செப்பனிட்டார்கள். முதல் தேர்வு குழலில் நடந்தது. போர்க்கால அவசரத்தில் துளையின் அளவு ரைபிளுக்கு ரைபிள் வேறுபட்டது. இரண்டே வரிகளுடன் வெட்டப்பட்ட குழல்களும் இருந்தன. பல ரைபிள்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஈயத்துண்டைச் செலுத்தி அளந்து, நல்லதொன்றைப் பொறுக்குவதே பாதி வெற்றி. அடுத்தது பூட்டுக்கம்பியின் தலை. எண் 4 மாதிரியில் அத்தலை கழற்றி மாற்றக்கூடியது. 0 முதல் 3 வரை எண்ணிட்ட அளவுகளில் கிடைத்தது. எனவே தோட்டா அறையின் ஆழத்தைப் பட்டறைக்குப் போகாமலே திருத்திக்கொள்ள முடிந்தது.

உண்மையான கலை மரத்தில் இருந்தது. எஃகு உடற்கூடு மரத்தண்டில் எங்கெங்கே அழுந்துகிறது, எங்கெங்கே தொடாமல் நிற்கிறது என்பதே அடுத்தடுத்த குண்டுகள் ஒரே இடத்தில் சேர்வதை முடிவுசெய்கிறது. பின்னுதைப்பைத் தாங்கும் இரு மரமுகங்களும் சமமாக அழுந்தவேண்டும். ஒன்று மட்டும் தாங்கினால் ஒவ்வொரு வெடிப்பிலும் உடற்கூடு பக்கவாட்டில் திரும்பும். குழல்வாய்க்கு அருகில் மரம் சில ராத்தல் விசையுடன் குழலை மேல்நோக்கி ஏந்தவேண்டும். இடைப்பகுதியில் எங்கும் தொடக்கூடாது. சிலர் குழலின் நடுப்பகுதியில் தாங்கு வைத்துப் பார்த்தார்கள். தேய்ந்த மரமுகத்தை வெட்டியெடுத்துக் கடினமரத் துண்டைப் பதிப்பதும், புகைக்கரி தடவி அழுந்துமிடங்களைக் கண்டறிந்து அரத்தால் இம்மி இம்மியாகக் குறைப்பதும் மாதக்கணக்கான வேலை. பிஸ்லியின் புல்ட்டன் குடும்பம் இதில் பேர்பெற்றது. ஜார்ஜ் புல்ட்டன் 1888இல் அரசியார் பரிசை வென்றார். அவர் மகன் ஆர்தர் 1912, 1926, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளில் அரசர் பரிசை வென்றார். அதற்கு முன்னும் பின்னும் வேறெவரும் எளிதில் எட்டாத சாதனை அது. அவர்கள் சீர்செய்த ரைபிளின் மரத்தில் பதித்த முத்திரை, ரைபிளின் விலையையே உயர்த்தியது. அதன்பின் குறிநோக்கி. படைக்கலத்தின் திறந்த பிளவுக்குப் பதிலாக, கண்ணருகே சிறு துளையுடன், கால் நிமிடக் கோணம் கால் நிமிடக் கோணமாக நகர்த்தக்கூடிய பார்க்கர்-ஹேல் குறிநோக்கி பொருத்தப்பட்டது. ஒரு நிமிடக் கோணம் 100 கெஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம், 1000 கெஜத்தில் பத்து அங்குலம். காற்றை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அந்தச் சிறு திருகு போதுமான அகராதி.

7.62 தோட்டா படைகளில் நிலைபெற்றபின், 1960களின் பிற்பகுதியில் பிஸ்லி விதிகள் மாறின. எண் 4 உடற்கூட்டில் கனத்த புதிய 7.62 குழலைத் திருகிப் போட்டி ரைபிளாக்கும் முறை பரவியது. பிரிட்டிஷ் படைக்கே இவ்வழியில் 1970இல் எல்42 என்ற குறிசுடு ரைபிள் கிடைத்தது. பழைய உடலுக்குப் புதிய குழல் என்பது ஏழைப் போட்டியாளனின் உத்தியாகத் தொடங்கி அரசின் கொள்முதலாக முடிந்தது.

இந்தியாவில் இதே ரைபிளைச் செய்த இடம், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூர். வெடிமருந்துச்சாலை இருந்த இடத்தில் 1904இல் ரைபிள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அங்கு செய்யப்பட்ட ரைபிள்களின் முன்மரத்தைக் குறுக்காக ஊடுருவும் ஒரு திருகாணியைக் காணலாம். ஈரமும் வெயிலும் மாறிமாறித் தாக்கும் நாட்டில், பின்னுதைப்பு வாங்கும் இடத்தில் மரம் பிளந்துவிடாமல் காக்க இங்கே சேர்க்கப்பட்ட உறுப்பு அது. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் அதை ‘இஷாப்பூர்த் திருகாணி’ என்றே அழைக்கிறார்கள். பெயரற்ற எந்தத் தொழிலாளி முதலில் அதை முன்மொழிந்தார் என்பதைக் காப்பகங்கள் சொல்வதில்லை. பிஸ்லியின் முத்திரைகளுக்கு இருந்த நல்லூழ் இஷாப்பூரின் அரத்துக்கு இல்லை.

இஷாப்பூர் .303ஐச் செய்தது. இந்தியக் குடிமகன் .303ஐ வாங்க முடியாது. படைக்கலத்தின் தோட்டா பொதுமக்களிடம் புழங்கினால், அது எல்லைப்புறத்துக்கும் கிளர்ச்சியாளர்க்கும் போய்ச்சேரும் என்பது அரசின் கணக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 துளை ரைபிள்களின் இறக்குமதியும் இதே காரணத்தால் தடுக்கப்பட்டது. எல்லைப்புறத்தில் சிதறிக்கிடந்த மார்ட்டினி-ஹென்றிகளுக்குத் தீனி கிடைத்துவிடக்கூடாது. ஆங்கிலேயப் பெருவேட்டைத் துப்பாக்கிகளில் .465, .470, .475 என்று விசித்திரமான எண்கள் திடீரென முளைத்ததற்கு இந்தியத் தடையே காரணம். சிறிய துளையில் இதே வேலையை .315 செய்தது. ஆஸ்திரியப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிஷர் தோட்டாவே இந்தியச் சந்தைக்காக .315 என்ற பெயரில் வந்தது. பிரிட்டிஷ் படைக்கலத்தில் அது பொருந்தாது என்பதே அதன் முதன்மைத் தகுதி. ஒரு தோட்டா என்ன செய்யக்கூடாது என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட கதை இது.

விடுதலைக்குப்பின் இந்த எண் மாறியிருக்கலாம், மாறவில்லை. இஷாப்பூர் லீ-என்பீல்டு உடற்கூட்டிலேயே .315 விளையாட்டு ரைபிளைச் செய்து உரிமம் பெற்றோர்க்கு விற்றது. கனத்த, மழுங்கிய மூக்குடைய, வேகம் குறைந்த குண்டு. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவும் வங்கி வாயிலில் காவல்நிற்கவும் அது போதும். 600 மீட்டர் இலக்குக்கு அதைக் கொண்டுசெல்ல நினைப்பவர், தோட்டாவின் வடிவத்தோடே முதலில் போராடவேண்டும். 1959 ஆயுதச் சட்டம் 1878இன் சட்டத்தை நீக்கியது; ஆனால் தடைசெய்யப்பட்ட துளை என்ற கருத்து அதன் விதிகளுக்குள் உயிரோடு தொடர்ந்தது. .303உம் அதன்பின் வந்த 7.62உம் அந்த வகையிலேயே வைக்கப்பட்டன. இனம் நீங்கிற்று, துளை நின்றது. ஆயுதம் தாங்கிய குற்றக்கூட்டங்களை எண்ணும் எவரும் உரிமக் கட்டுப்பாட்டையே வேண்டாம் என்னமாட்டார். இங்கே கேள்வி அதுவன்று. ஒரு பேரரசு தன் குடிகளுக்கு அஞ்சி வகுத்த துளைக் கணக்கைக் குடியரசு மறுபரிசீலனை செய்யாமல் பெற்றுக்கொண்டது ஏன் என்பதே கேள்வி.

தொழில்நுட்பத்தில் இஷாப்பூர் தயங்கவில்லை. பழைய எண் 1 உடற்கூடு 7.62இன் அழுத்தத்தைத் தாங்காது என்று பிரிட்டிஷ் பொறியாளர்கள் அதை ஒதுக்கியிருந்தனர். 1962 சீனப் போரை அடுத்த ஆண்டுகளில், இஷாப்பூர் அதே வடிவத்தை மேம்பட்ட எஃகில் வார்த்து 7.62க்கு ஏற்றது. 2ஏ என்ற அந்த ரைபிளின் குறிநோக்கி பழைய மாதிரியிலிருந்தபடியே 2000 வரை அளவிடப்பட்டிருந்தது. அடுத்து வந்த 2ஏ1இல் அது 800ஆகக் குறைக்கப்பட்டது. தனிவீரன் 2000 மீட்டரில் எதையும் குறிவைக்கப்போவதில்லை என்பதால் இது நியாயமான குறைப்பே; 1858இல் நடந்ததோடு இதை ஒப்பிடுவது அநியாயம். உலகில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட கடைசி லீ-என்பீல்டுகள் இவை. பிஸ்லியில் ஒவ்வொருவராகக் குழல்மாற்றிப் பெற்ற 7.62 லீ-என்பீல்டை, இந்தியா தொழிற்சாலையிலேயே ஆயிரக்கணக்கில் ஆக்கிவைத்திருந்தது. போட்டிக்கு ஏங்கும் ஒருவருக்கு இதைவிட மலிவான அடித்தளம் வேறில்லை. ஆனால் அவை காவல்துறைக் கிடங்குகளுக்குச் சென்றன.

இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல், மக்களவையின் முதல் அவைத்தலைவர் கணேஷ் வாசுதேவ் மவ்லங்கரின் முயற்சியில் அமைந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹரிஹர் பானர்ஜி முதலானோர் 50 மீட்டர் ரைபிளில் கலந்துகொண்டனர். அதன்பின் வளர்ந்த இந்தியக் குறிச்சுடுதல் பெரிதும் .22 சிறுதுளை ரைபிளிலும் காற்றழுத்த ரைபிளிலும் வளர்ந்தது. 2008இல் அபினவ் பிந்த்ராவின் தங்கமும் 2012இல் ககன் நாரங்கின் வெண்கலமும் 10 மீட்டரில் வந்தவை. 2024இல் சுவப்னில் குசாலேயின் வெண்கலம் 50 மீட்டரில் வந்தது. ஒலிம்பிக்கிலிருந்தே 300 மீட்டர்ப் போட்டி 1972க்குப்பின் நீக்கப்பட்டது என்பதால், இந்தக் குறுகிய தொலைவுக்கு இந்தியச் சட்டத்தை மட்டும் காரணமாக்க இயலாது. ஆயினும் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஒலிம்பிக்குக்கு வெளியே 1000 கெஜப் பண்பாடு ஒன்று தழைத்திருக்கிறது. இங்கே பெருந்துளைப் போட்டிகளின் களத்தைப் பெரிதும் படைத்துறையினரும் காவல்துறையினருமே நிரப்புகிறார்கள். சனிக்கிழமை மாலை தன் ரைபிளின் மரமுகத்தில் புகைக்கரி தடவிப் பார்க்கும் பள்ளி ஆசிரியர் என்ற மனிதவகை இந்நாட்டில் உருவாகவே இல்லை.

2ஏ1 ரைபிள்கள் உபரியாகி ஏற்றுமதியானபோது அமெரிக்கச் சந்தையில் மிகக் குறைந்த விலைக்கு விற்றன. அங்கே அவற்றின் குழலைக் குறுக்கி, தொலைநோக்கி பூட்டி, மரத்தண்டை மாற்றி, விதவிதமாகத் திருத்தியோர் பலர். இஷாப்பூர்த் திருகாணியைப் பற்றிய மிகநுண்ணிய விவரிப்புகள் வங்காளியிலோ இந்தியிலோ அல்லாமல் அமெரிக்க ஆங்கிலத்தில் கிடைப்பதன் காரணம் இதுதான். உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 சனவரியில், குடியரசு நாள் அணிவகுப்போடு, .303 ரைபிளுக்கு முறைப்படி விடைகொடுத்தது. அணிவகுப்பில் கடைசியாகத் தூக்கிச்செல்லப்பட்ட அந்த வகை ரைபிளின் குறிநோக்கியில் 2000 கெஜம் வரை கோடுகள் இருந்தன. அதைப் பணியில் ஏந்தியவர்களுக்கு அவற்றுள் முதற்சில கோடுகளுக்கு மேல் தேவைப்பட்டதே இல்லை.